இன்னும் மூன்று விரல்

“எட்டலடி!” என்றார் இருளப்பன்.

ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில், இஸ்தோப்புத் திண்ணையின் சுவரில் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, நண்டு ஏறுவது மாதிரி மேலே ஏற்றிக்கொண்டு போயிருந்தார். தோள் இறுகியது. கழுத்துக்குக் கீழே காறை எலும்பின் மேலிருந்த தையல் தழும்பு சுரீரென்றது. விரல் போய் நின்ற இடத்துக்கும், மேலே கரியால் இழுத்திருந்த கோட்டுக்கும் நடுவே மூன்று விரல் இடம் மிச்சமிருந்தது.

“நேத்தும் மூணு விரல், முந்தாநேத்தும் மூணு விரல். ஆஸ்பத்திரியில தகடு வச்சாங்களா, பூட்டுப் போட்டாங்களா?”

“நாளைக்கு எட்டும். இன்னொரு தடவ ஏத்துங்க” என்றாள் விஜயகலா, அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டே. இருபத்தாறு வருசமாக அவருக்குப் பெண்டாட்டியாக இருப்பவள்; அவர் கத்தலுக்கெல்லாம் ரொட்டி கருக விடுகிறவள் இல்லை.

“இன்னிக்குப் போதும்” என்றார் இருளப்பன்.

இந்தப் ‘போதும்’தான் அந்த மனுசனைப் பிடித்த சனியன். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தால், காய்ச்சல் விட்ட அன்றே போத்தல் கூரைக்கு மேல் போய்விடும், “போதும்.” வேலி அடைத்தால் மாடு வருகிற பக்கம் மட்டும், “போதும்.” விழுந்ததும் அதனால்தான். ரப்பர் மலைக்கு ஏறுகிற படிக்கட்டில் பாசி வழுக்குகிறதென்று மண்வெட்டியால் சுரண்டப் போனவர், பாதிப் படி சுரண்டியதும் போதும் என்று வந்துவிட்டார். மறுநாள் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். சுரண்டாத முதல் படியிலேயே கால் போய்விட்டது. காறை எலும்பு இரண்டாய் முறிந்தது. ஆட்கள் ஓடிவந்து பார்த்தபோது, தலை முதல் கால் வரை ரப்பர் பால் வழிய, அபிஷேகம் முடிந்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தாராம்.

ஆனால் இந்தக் கோட்டு விசயத்தில் மட்டும் அவர் போதும் என்று விட முடியாது. அது சும்மா இழுத்த கோடு இல்லை.

தைப்பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்த அன்று, அவருடைய தங்கச்சி மகள் ஷாமிளா அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றாள். தலைக்கு நேராக அடுப்புக்கரியால் ஒரு கோடு இழுத்தாள். “மாமா, இந்த ஒசரத்துக்குக் கொறையாம ஒரு மாப்பிள்ள பாருங்க!” என்று சிரித்துவிட்டுக் கொழும்புக்குப் பஸ் ஏறிப் போனாள். அங்கே துணிக்கடையில் வேலை. அந்தக் குடும்பத்தில் யாருக்கும் இல்லாத உயரம் அவளுக்கு. இருளப்பன் அவள் காது மட்டத்துக்குத்தான் வருவார். கடைசியில் மாப்பிள்ளையையும் அவளே பார்த்துக்கொண்டாள். பலாங்கொடைப் பையன், பெயர் தனுஷன். ஆவணியில் கல்யாணம் என்று நாள் குறித்தாயிற்று.

அப்பன் இல்லாத பிள்ளை. ஓடை பெருகுகிற மழைக்காலமெல்லாம் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனது இருளப்பன்தான். இப்போது தகடு இருக்கிற அதே தோள். கல்யாணத்தன்று தாய்மாமன்தான் இரண்டு கையாலும் பெண்ணுக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவர வேண்டும். ஒற்றைக் கையால் மாலை போடுவது பிணத்துக்கு. இது தோட்டத்தில் பிறந்த சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

ஆகவே ஷாமிளாவின் தலை உயரத்துக்கு இரண்டு கையும் ஏற வேண்டும். இல்லையென்றால் அவருடைய சின்னம்மா மகன் சதீஸ் போடுவான். அவனும் முறைக்கு மாமன்தான். ஆறடி உயரம், இரண்டு கையும் நல்ல கை. இருளப்பனுக்கு அதை நினைக்கவே பிடிக்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் கைப்பயிற்சி சொல்லிக்கொடுப்பது ஸில்மியா மிஸ். மாவனல்லைப் பிள்ளை. அந்த வாரம் போனபோது அவருடைய கையைப் பிடித்து மெல்ல மேலே தூக்கிப் பார்த்தாள்.

“மாஷா அல்லாஹ்! நல்லா ஏறுதே, ஐயா.”

“எங்கங்க மிஸ் ஏறுது? கோட்டுக்கு இன்னும் மூணு விரல் கெடக்கு.”

“எலும்பு கூடிட்டு. எக்ஸ்ரேயில வடிவாத் தெரியுது. இனி மூட்டு இறுக விடக் கூடாது, அவ்வளவுதான். போன கிழமைக்கு இந்தக் கிழமை நல்ல வித்தியாசம்.”

இருளப்பன் தலையாட்டினார். வெளியே வந்ததும் விஜயகலாவிடம், “மனசுக்கு ஆறுதலா சொல்லுது அந்தப் புள்ள. மனுசங்க மொகத்துக்காகப் பேசுவாங்க. சொவரு யாரு மொகத்தப் பாக்கும்? சொவரு பொய் சொல்லாதுடி” என்றார்.

விஜயகலா எக்ஸ்ரே உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். முதல் தடவை வந்த அன்று ஸில்மியா மிஸ் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, “ஒங்கட ஆள நீங்கதான் பாத்துக்கோணும். கொஞ்சம் சுகமானதும் பயிற்சிய நிறுத்திருவாங்க போல” என்று சொல்லியிருந்தாள். முகத்தைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்துவிட்ட கெட்டிக்காரி.

சுவர் இரங்கவில்லை என்றதும் இருளப்பன் தன் புத்தியை உபயோகிக்கத் தொடங்கினார். அங்கேதான் வில்லங்கம்.

முதலில் எலும்பு முறிவுக்குப் பேர்போன வெதமாத்தயா ஒருவரிடம் போனார். அந்தச் சிங்கள வைத்தியர் தகடு வைத்த தோள் என்று கேட்டதுமே கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அதைத் தான் தொடக்கூடாது என்றார். இருளப்பன் விடவில்லை. கெஞ்சிய கெஞ்சலில், மேலுக்குச் சூடு பறக்கத் தடவ மட்டும் ஒரு போத்தல் எண்ணெய் கொடுத்து, “ஹரி யாவி, ஹரி யாவி” என்று தட்டிக்கொடுத்து அனுப்பினார்.

எல்லாம் சரியாகும் என்று அவர் சொன்னதை நம்பி, இருளப்பன் தோளிலிருந்து விரல் நுனி வரை எண்ணெயைப் பூசிக்கொண்டு சுவரில் கை வைத்தார். ஒரு விரல் ஏறினால் இரண்டு விரல் வழுக்கியது. ஆத்திரத்தில் எட்டிப் பாய்ந்தார். உள்ளங்கை முழுசாக வழுக்கி, கரிக்கோட்டையும் இழுத்துக்கொண்டு கீழே வந்தது.

“ஐயோ அண்ணே, புதுச் சுண்ணாம்புச் சொவரு!” என்று கத்தினாள் மருதாயி. பக்கத்துக் காம்பிராக்காரி. இரண்டு வீட்டுக்கும் ஒரே இஸ்தோப்பு. அவள் கண்ணுக்குத் தப்பி அங்கே ஒரு கோழிகூட முட்டையிட முடியாது.

“சொவரு கெடக்கட்டும். எங்க ஷாமிளா தலைய அழிச்சிப்புட்டனே!” என்று பதறினார் இருளப்பன்.

விஜயகலா முணுமுணுத்தபடி சுவரைத் தேய்த்துக் கழுவி, காய்ந்ததும் கோட்டைத் திரும்ப இழுத்துவிட்டாள். மறுநாள் அவர் விரலை ஏற்றிப் பார்த்தார். மூன்று விரல்.

“சரி, கை ஏறல. தலைய எறக்கிருவோம்” என்று தீர்மானித்துக் கொழும்புக்குப் போன் போட்டார்.

“ஷாமிளாக்கண்ணு, கல்யாணத்தன்னிக்கு அந்த உச்சிக் கொண்டையெல்லாம் வேணாம்மா. பூவையும் மேல குவிக்காத. சும்மா தாழ்வா ஒரு பின்னல் போட்டுக்க.”

“ஏன் மாமா?”

உண்மையைச் சொல்ல வெட்கம். “நீ ஏற்கெனவே ஒசரம்தானே” என்று சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான். பிள்ளை முகம் வாடி அம்மாவிடம் சொன்னது. அம்மா, மாமன் பெண்ணின் உயரத்தைக் குறை சொல்கிறார் என்று அக்கம்பக்கத்தில் அழுதாள். அது பஸ் ஏறிப் பலாங்கொடைக்குப் போனபோது, தாய்மாமனுக்கு இந்தச் சம்பந்தமே பிடிக்கவில்லை என்றாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு பெரியவர் போன் பண்ணி, “பொண்ணு ஒசரம்னா எங்க பையன் அதவிட ஒசரமாச்சே, ஒங்களுக்கு என்னங்க கொற?” என்று மரியாதையாகக் கேட்டார். இருளப்பன் விளக்கம் சொல்லச் சொல்ல, அந்தப் பக்கம் மரியாதை கூடிக்கொண்டே போனது. அது நல்லதுக்கில்லை என்பது அவருக்கே புரிந்தது.

அதோடு விட்டிருக்கலாம். மழை விட்டால்தானே.

ஆடியில் ஒரு வாரம் விடாமல் அடித்தது. கேகாலைப் பக்கத்து மலைகளில் அப்படி மழை பிடித்தால், ஆட்கள் வானத்தைப் பார்க்க மாட்டார்கள், மண்ணைத்தான் பார்ப்பார்கள். எந்த மேடு எப்போது யார் தலையில் வருமோ என்று பயம். கண்ணால் கண்ட பயம் அது. அந்த மழையில் இருளப்பன் இஸ்தோப்பில் நின்று, கோட்டையும் தன் விரலையும் மாறி மாறிப் பார்த்து யோசித்தார்.

கை ஏறுகிறது என்கிறாள் மிஸ். படித்த பிள்ளை, பொய் சொல்ல மாட்டாள். ஏறவில்லை என்கிறது சுவர். சுவரும் பொய் சொல்லாது. இரண்டு பேரும் உண்மை சொன்னால் தப்பு எங்கே இருக்கிறது?

மெதுவாகக் குனிந்து தன் காலடியைப் பார்த்தார்.

“தரை எறங்குது!” என்று அலறினார். “கை ஏற ஏற நான் கீழ போய்க்கிட்டு இருக்கேன்! லயம் எறங்குது!”

அந்த வார்த்தை முதல் காம்பிராவில் ‘எறங்குது’ என்று கிளம்பி, கடைசிக் காம்பிராவுக்குப் போய்ச் சேரும்போது ‘ரெண்டடி எறங்கிருச்சு’ என்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் அடையாள அட்டை, அரிசி மூட்டை, டீவி, கோழி என்று கையில் அகப்பட்டதோடு ஜனம் நனைந்துகொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடியது. ஒருத்தர் கல்யாணப் படத்தை எடுத்துக்கொண்டு பெண்டாட்டியை விட்டுவிட்டு ஓடினார். அது தனிக் கதை.

மருதாயி மட்டும் மூட்டை கட்டவில்லை. வாசலில் சம்மணம் போட்டு வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள், தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. பயத்தில் நடுங்குகிறாள் என்று நினைத்த இருளப்பன், “எந்திரி மருதாயி, உசுரு முக்கியம்!” என்று இழுத்தார்.

“நீங்க போங்கண்ணே. நான் எறங்குற வரைக்கும் எறங்கிட்டு வாறேன்” என்றாள்.

ரப்பர் மலை வேலையிலிருந்து ஓடிவந்த விஜயகலா, மூட்டை முடிச்சோடு நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். விசயத்தைக் கேட்டாள். வாயைத் திறந்தாள். மருதாயியைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். அவள் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

கண்டாக்கையா வந்தார். தோட்டத்தில் மலைவேலையெல்லாம் பார்க்கிற அதிகாரி. குடையும் டோர்ச்சுமாக லயத்தை முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்தார். ஒரு நூல் வெடிப்பும் இல்லை.

“லயம் எறங்குதுன்னு சொன்னது யாரு?”

ஊரே ஒரு பக்கம் கை காட்டியது.

“ஒனக்கு எப்படிய்யா தெரிஞ்சிச்சு?”

“கோடு எட்டலைங்க, ஐயா.”

கண்டாக்கையா டோர்ச்சை அவர் முகத்தில் அடித்துப் பார்த்தார். பிறகு, “கீழ விழுந்தப்போ தலையும் அடிபட்டுச்சா?” என்று விஜயகலாவிடம் தணிந்த குரலில் விசாரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் தங்கச்சி வந்தாள். குடையை மடக்கக்கூட இல்லை, வாசலில் நின்றே ஆரம்பித்தாள்.

“எம்மக ஒசரம்னு சொன்ன, பொறுத்துக்கிட்டேன். இப்ப கல்யாண வீட்டுக்குப் பக்கத்துல மண்சரிவுன்னு ஊரக் கூட்டிட்ட. பலாங்கொடையில அபசகுனம்னு பேசுறாங்க. ஒனக்கு இந்தக் கல்யாணம் நடக்குறது புடிக்கலையா அண்ணே?”

“அடியே, நான் ஏண்டி அப்படி நெனைக்கப் போறேன்?”

“அப்ப பேசாம ஒக்காரு. சதீஸ் மாலை போடட்டும். அவனுக்குச் சொல்லியாச்சு.”

அவள் போய் வெகுநேரம் வரை இருளப்பன் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். தேத்தண்ணி ஆறி ஆடை படர்ந்துவிட்டது. திடீரென்று தேம்பி அழுதார். ஐம்பத்தெட்டு வயது மனுசன், எலும்பு முறிந்த அன்றுகூட அழாதவர்.

“ஓடைத்தண்ணி இடுப்புக்கு வந்தப்பகூட அந்தப் புள்ள கால நனைய விட்டதில்லடி. இந்தத் தோளு என்ன ஏமாத்திருச்சு.”

விஜயகலா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கரி படிந்த கையைச் சேலையில் துடைத்துவிட்டு, அவர் முதுகைத் தடவினாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. “ஒங்க கைய நம்புங்க. நாளைக்கும் ஏத்துங்க” என்றாள். “நான் தங்கச்சிகிட்டப் பேசுறேன்.”

என்ன பேசினாளோ, தங்கச்சி இறங்கி வந்தாள். அண்ணனே மாலை போடட்டும். ஆனால் ஏறி நிற்க ஒரு பெஞ்சு போட்டு வைக்கப்படும். அவர் கை பாதியில் நின்றுவிட்டால் வாங்கிப் போட சதீஸ் பக்கத்திலேயே நிற்பான். மாமன் பெஞ்சு மேல் ஏறி மாலை போடுவதை எந்தக் கல்யாணத்திலும் யாரும் கண்டதில்லை. இருளப்பன் அந்த அவமானத்தையும் விழுங்கிக்கொண்டார். கல்யாணத்துக்கு முதல்நாள் வரை விரலை ஏற்றினார். ஒருநாள்கூடப் போதும் என்று சொல்லவில்லை. ஒருநாள்கூடக் கோடு எட்டவுமில்லை.

கல்யாணம் தோட்டத்துக் கோயில் பந்தலில். கோபதாபத்தில் அதுவரை அவர் ஷாமிளாவைப் பார்க்கவே இல்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் வந்தபோதுதான் பார்த்தார். கூறைச்சேலை, நகை எல்லாம் இருந்தது. தலையில் மட்டும் கொண்டை இல்லை. தாழ்வாக ஒரு பின்னல். அவர் கேட்டதற்காக.

கண் மறைத்தது. அந்தக் கண்ணோடுதான் பெஞ்சில் ஏறினார். சதீஸ் பக்கத்தில் இரண்டு கையையும் நீட்டித் தயாராக நின்றான். “மெதுவா அண்ணே, முடியலன்னா சொல்லுங்க.” பூசாரி மாலையைக் கொடுத்தார். நாதஸ்வரக்காரர்கூட வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தார்.

இருளப்பன் கண்ணை மூடிக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் தூக்கினார். வலி வரும், அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று காத்திருந்தார். வலி வருகிற வழியாகக் காணோம். கை போனது. இன்னும் போனது. எதிலோ போய் இடித்து நின்றது.

கண்ணைத் திறந்தார். மாலை பந்தல் தோரணத்தில் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. ஷாமிளா அவர் தோள் மட்டத்துக்கும் கீழே நின்று, வாயைப் பொத்திக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

பந்தல் முழுக்கச் சிரித்தது. இருளப்பன் சிரிக்கவில்லை. மாலையை விடுவித்துக்கொண்டு, தானாகவே பெஞ்சை விட்டு இறங்கினார். வெறுந்தரையில், அவளுக்கு எதிரே நின்றார். இரண்டு கையும் அவள் தலைக்கு மேல் நோகாமல் போய்விட்டு வந்தன. மாலை கழுத்தில் விழுந்தது.

“மாமா!” என்று அழுதுகொண்டே சிரித்தாள் ஷாமிளா. தங்கச்சி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். சதீஸ் தன் இரண்டு நல்ல கையையும் என்ன செய்வதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டான்.

இருளப்பன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு விஜயகலாவைப் பார்த்தார்.

“அடியே, நேத்துக்கூட மூணு விரல் கொறைஞ்சிச்சே. அப்ப... அந்தச் சொவரு?”

“நல்ல நேரம் போவுது, புள்ளைய மணவறைக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றாள் விஜயகலா, தரையைப் பார்த்துக்கொண்டு.

அதற்கு மேல் மருதாயியால் அடக்க முடியவில்லை. வாயிலிருந்த வெற்றிலையை ஓரமாகத் துப்பிவிட்டு, பந்தலுக்கே கேட்கும்படி சொன்னாள்:

“சொவரு என்னண்ணே பண்ணும்? அன்னிக்கு லயமும் எறங்கல, ஒண்ணும் எறங்கல! எட்டிட்டா ‘போதும்’னு நிறுத்திருவீங்கன்னு, தெனமும் பால்வெட்டப் போறதுக்கு முன்ன ஒங்க பொஞ்சாதிதான் அந்தக் கோட்ட அழிச்சு அழிச்சு ஒரு நூலு மேல போட்டுட்டுப் போனா!”